கொம்பும் கொடியும்

பிரான்சு தேசத்தின் கிழக்கே, பர்கண்டிக்கும் சுவிட்சர்லாந்துக்கும் இடையில் கிடக்கும் ஜுரா என்னும் மலைநாட்டைப் பற்றி மது ரசிகர்களிலும் பலர் கேள்விப்பட்டதில்லை. திராட்சை பயிராகும் நிலம் அங்கே ஏறக்குறைய 2,000 ஹெக்டேர்தான். ஆயினும் சவன்யான் என்னும் வெள்ளைத் திராட்சையின் மதுவைப் பீப்பாயில் இட்டு, ஆவியாகிக் குறைவதை நிரப்பாமலே விட்டு, மேலே தானாகப் படரும் ஈஸ்ட் ஏட்டின் கீழ் அது பக்குவமாக 6 ஆண்டுகளுக்கு மேல் காத்திருந்து, 'மஞ்சள் மது' எடுக்கும் பொறுமை அந்நாட்டாருக்கே உரியது.

அந்நாட்டின் ஆர்புவா என்னும் ஊரில்தான் லூயி பாஸ்டர் சிறுவனாக வளர்ந்தார். மது கெடுவதற்கு நுண்ணுயிர்களே காரணம் என்று ஆராய்ந்து 1866-இல் நூலும் வெளியிட்டார். அதே ஆர்புவாவின் சுற்றுப்புறத்தில் இன்று பயோடைனமிக் முறையைக் கைக்கொண்ட குடியானவர் சிலர், பசுவின் கொம்பில் சாணத்தை அடைத்து இலையுதிர் காலத்தில் மண்ணில் புதைத்து, வசந்தத்தில் தோண்டியெடுத்து, ஹெக்டேருக்குச் சுமார் 100 கிராம் வீதம் நீரில் இட்டு, வலமும் இடமுமாக மாற்றி மாற்றி ஒரு மணி நேரம் சுழற்றிக் கலக்கித் தோட்டத்தில் தெளிக்கிறார்கள். பிரபஞ்ச சக்திகளைக் கொம்பு மண்ணுக்குள் ஈர்த்துத் தருகிறது என்பது அவர்கள் சித்தாந்தம்.

இதை வகுத்தவர் ருடால்ப் ஸ்டைனர். அடையாற்றைத் தலைமையிடமாகக் கொண்ட பிரம்மஞான சபையின் ஜெர்மன் கிளைக்குத் தலைவராக இருந்து, இளைஞர் கிருஷ்ணமூர்த்தியை உலக குருவென்று முன்னிறுத்தியதை ஏற்காமல் பிரிந்து சென்றவர் அவர். 1924 ஜூனில் கோபெர்விட்ஸ் கிராமத்தில் விவசாயம் பற்றி எட்டுச் சொற்பொழிவுகள் செய்து, மறு ஆண்டே காலமானார்.

பலன் நன்றாயிருந்தால் அதற்குச் சொல்லப்பட்ட காரணமும் உண்மையாகிவிடுமா என்பதே நம் கேள்வி. மண் நெகிழ்ந்திருக்கிறது, கொடி தழைக்கிறது, மது தேறியிருக்கிறது என்கிறார்கள், மறுக்க வேண்டியதில்லை. ஆனால் கொம்பைப் புதைக்கும் அதே மனிதர் ரசாயன உரத்தையும் களைக்கொல்லியையும் விட்டொழித்து, நாள்தோறும் தோட்டத்தில் நடந்து கொடி கொடியாகப் பார்ப்பவராகவும் இருக்கிறார். மற்றப் பராமரிப்பெல்லாம் ஒன்றாக இருக்க, பயோடைனமிக் தயாரிப்புகளை மட்டும் ஒரு பகுதிக்கு இட்டு மற்றதற்கு இடாமல் விட்டுப் பார்த்த கலிபோர்னியாத் திராட்சைத் தோட்ட ஆய்வொன்றில், மண்ணின் குணத்தில் நிலையான வேற்றுமை தென்படவில்லை.

இந்த விவாதம் நியாய தரிசனத்தாராகிய நம் நையாயிகர்களுக்குப் பழகியதே. புத்திரகாமேஷ்டி செய்தும் புத்திரன் பிறக்கவில்லையே, ஆகவே வேதம் பொய்யன்றோ என்னும் ஆட்சேபத்துக்கு, கர்மத்திலோ கர்த்தாவிலோ சாதனத்திலோ குறையிருந்திருக்கும் என்று நியாய சூத்திரம் விடை கூறுகிறது. கொம்பு பலிக்காதபோது ஸ்டைனரின் சீடர்களும் இதே சமாதானத்தை நாடக்கூடும். நையாயிகருக்கோ வேதத்தின் பிரமாணத்தை நாட்ட வேறு வாதங்களும் இருந்தன. கொம்புக்குப் பலனைத் தவிர வேறு சாட்சி கிடையாது. அந்தச் சாட்சியே தயங்கும்போது, செய்தவர் மேல் குறை சொல்லித் தப்ப வழியில்லை.

இருப்பினும் கொம்பை எறிந்துவிடுங்கள் என்று அக்குடியானவரிடம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. விடியற்காலையில் ஒரு மணி நேரம் வாளி நீரைக் கலக்கி நிற்பவன், அன்றைய பொழுதெல்லாம் அத்தோட்டத்தைச் சாமானியமாகப் பார்க்கமாட்டான். கிரியை கிரகங்களை அசைக்காமல் போனாலும் கர்த்தாவை அசைக்கிறது. அந்தச் சிரத்தை கொடிக்குப் போய்ச் சேர்வதற்குப் பிரபஞ்ச சக்தி எதுவும் வேண்டியதில்லை, அவன் கையும் கண்ணும் போதும். நம்பிக்கையை நீக்கிவிட்டுச் சிரத்தையை மட்டும் வைத்துக்கொள்ள எல்லோராலும் முடியுமா என்பது எனக்குச் சந்தேகமே.

என் ஆட்சேபமெல்லாம் முத்திரையின் மேல்தான். பயோடைனமிக் விளைச்சலுக்கு வழங்கப்படும் டிமீட்டர் முத்திரை பெற இத்தயாரிப்புகளைத் தெளித்தே ஆகவேண்டும். மற்ற யாவற்றையும் குறைவறச் செய்து கொம்பை மட்டும் நம்பாமல் விட்டவருக்கு அது கிடைக்காது. ஒரு சமயத்தார் தம் ஆசாரத்தைத் தமக்கென விதித்துக்கொள்ளலாம். ஆனால் அந்த ஆசாரத்தையே மண்ணின் நலத்துக்கு அத்தாட்சியாகக் கடையில் காட்டி விலை கேட்பது நியாயமல்ல.