பப்பாளியை மறுக்கும் வீட்டில்

திண்டிவனம் பக்கத்துக் கிராமங்களில் நாள் தள்ளிப்போன பெண்ணுக்கு முதல் மருத்துவ ஆலோசனை ஆஸ்பத்திரியில் கிடைப்பதில்லை. மாமியாரோ அத்தையோ எதிர்வீட்டு ஆயாவோ சொல்லிவிடுவார்கள்: பப்பாளி வேண்டாம், அன்னாசி வேண்டாம், எள்ளுருண்டையைத் தொடாதே. பப்பாளி விஷயத்தில் ஆயா சொல்வது பாதி சரி. 2002இல் வெளியான ஓர் ஆய்வில், பப்பாளிக் காயின் பால் எலியின் கருப்பையைச் சுருங்கவைத்தது. பழுத்த பழம் தின்ற எலிகளின் கருவுக்குக் கேடு எதுவும் நேரவில்லை.

செடிகொடியால் கரு கலையும் என்பது இந்த மண்ணுக்குப் புதிய செய்தியே அல்ல. எருக்கம்பால் எதற்கெல்லாம் பயன்பட்டது என்பதை மூத்த பெண்கள் இன்றும் தாழ்ந்த குரலில்தான் சொல்வார்கள். அப்படியிருக்க, "மூலிகைதானே, பக்கவிளைவு கிடையாது" என்ற பேச்சு எங்கிருந்து வந்தது? ஆயாவிடமிருந்து வரவில்லை. அவருடைய வைத்தியத்தில் அளவு உண்டு, பத்தியம் உண்டு, எந்த மாதத்தில் எதைத் தரக்கூடாது என்ற அச்சமும் உண்டு. அந்த அச்சத்தைக் கழற்றி எறிந்துவிட்டு மருந்தை மட்டும் டப்பாவில் அடைத்தது விளம்பரம்.

கரு உருவான மூன்றாவது வாரம் முதல் எட்டாவது வாரம் வரைதான் பிள்ளையின் இதயமும் மூளையும் கைகால்களும் உருப்பெறுகின்றன. ஹரியானாவில் ஆண் பிள்ளை வேண்டி நாட்டு மருந்து தருவது ஏறக்குறைய அதே நாட்களில்தான். சிவலிங்க விதை, மாசிக்காய் போன்றவை சேர்ந்த அந்த மருந்துகளை ஆராய்ந்தவர்கள், அவற்றில் பெண் ஹார்மோனைப் போல வேலை செய்யும் பொருட்களைக் கண்டார்கள். அவற்றை உட்கொண்ட தாய்மார்களிடம் பிறவிக் குறைபாடும் இறந்து பிறப்பதும் கூடுதலாக இருந்ததை 2015 வாக்கில் வெளியான ஆய்வுகள் காட்டின. மாசிக்காய் நம் வீடுகளிலும் உரைமருந்துப் பெட்டியில் இருப்பதுதான். ஒரு பொருள் ஓரிடத்தில் மருந்தாக இருப்பதால் எல்லா இடத்திலும் மருந்தாகிவிடாது.

மூலிகையோடு சேர்ந்து வரும் கேடு வேறு. நியூயார்க் நகரத்தில் 2011, 2012 ஆண்டுகளில் 6 கர்ப்பிணிகளின் ரத்தத்தில் ஈயம் ஏறியிருந்தது. அவர்களில் 5 பேர் இந்தியாவில் பிறந்தவர்கள். காரணம், அவர்கள் சாப்பிட்ட ஆயுர்வேத மாத்திரைகள். ஈயம் நஞ்சுக்கொடி வழியாகப் பிள்ளையின் மூளை வரை போகும்.

இதில் குற்றம் யாருடையது? கர்ப்பிணியின் மேல் பழி போடுவது மிகவும் எளிது, மிகவும் அநியாயம். கூட்டுக் குடும்பத்தில் மாமியார் நீட்டும் டம்ளரை மறுக்க எத்தனை பேரால் முடியும்? மாமியாரும் பாசத்தில்தான் நீட்டுகிறார். ஆனால் காசு வாங்கிக்கொண்டு பொட்டலம் கட்டுபவருக்கு அந்தச் சமாதானம் செல்லாது. யாருக்கு, எத்தனாவது மாசம் என்று கேட்காமல் கொடுப்பது கடமை தவறுவதுதான். கேடில்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு விற்பவருடையது. கேடு என்று காட்டும் வேலையை வயிற்றுப் பிள்ளையின் தலையில் கட்டக்கூடாது.

இதைச் சித்த மருத்துவத்துக்கு எதிரான வழக்காக்குவதும் தவறு. கர்ப்பிணிகளுக்கும் பிள்ளை பெற்றவர்களுக்குமான 11 சித்த மருந்துகளை 'மகப்பேறு சஞ்சீவி' என்று தமிழக அரசே தந்திருக்கிறது. அங்கே தருபவர் யார், எந்த மாதத்தில் எது என்பதற்குப் பதில் உண்டு. பெயர் தெரியாத சூரணத்துக்கு அது இல்லை.

மருத்துவர்களுக்கும் பங்கு உண்டு. கஷாயம் என்ற சொல்லைக் கேட்டதும் திட்டினால், அந்தப் பெண் அடுத்த முறை வாய் திறக்கமாட்டாள். கருவைக் கலைக்க எதையோ குடித்து, அது கலையாமல் வளரும்போது இந்த மௌனம் இன்னும் கொடியது. கருக்கலைப்பை அனுமதிக்கும் சட்டம் 1971இலேயே வந்துவிட்டது. வெட்கமும் பயமும்தான் அவளைச் செடியிடம் அனுப்புகின்றன.

விழுப்புரம் மாவட்டத்தில் கடினமான பிரசவங்கள் பல முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரிக்கு வரும். வலி வரவேண்டும் என்று வீட்டில் விளக்கெண்ணெய் குடித்தவளுக்கு, அது தெரியாமல் வலி வரவைக்கும் ஊசியும் ஏற்றினால் கருப்பை அளவு மீறிச் சுருங்கலாம். பிள்ளைக்குப் போகும் ரத்தம் குறையும். எந்த ஆஸ்பத்திரியானாலும், ஊசி போடுமுன் யாராவது ஒருவர் அவள் அருகில் உட்கார்ந்து, குரலை உயர்த்தாமல், "வீட்ல எதுனா கஷாயம் குடிச்சியாம்மா?" என்று கேட்கவேண்டும். அவள் குடித்ததைச் சொன்ன பிறகும் அந்தக் குரல் உயரக்கூடாது.