தோற்ற மூவ் எது?

செஸ்ஸில் ஆட்டம் முடிந்ததும் ஆடிய இரண்டு பேரும் உட்கார்ந்து, அதே ஆட்டத்தை முதலிலிருந்து நகர்த்திப் பார்ப்பதற்குப் போஸ்ட்மார்ட்டம் என்று பெயர். நம்ம ஊர்ப் பிள்ளைகளும் அப்படித்தான் சொல்வார்கள்: "வா, போஸ்ட்மார்ட்டம் பண்ணலாம்." யோசித்துப் பார்த்தால் கொஞ்சம் விபரீதமான பெயர். மற்ற இடங்களில் அறுப்பவர் வேறு, பிணம் வேறு. இங்கே பிணமும் எழுந்து உட்கார்ந்து கத்தியைப் பிடித்துக்கொள்கிறது. எதிரே கொன்றவர் இருந்து, "இங்க குதிரைய எடுத்திருந்தா எனக்குக் கஷ்டம்தான்" என்று ஒத்தாசையும் செய்கிறார்.

இந்த வழக்கம் குறைந்துவருகிறது. வார இறுதிப் போட்டிகள் நடக்கும் பள்ளிக்கூடங்களிலும் கல்யாண மண்டபங்களிலும் நான் அதிகம் பார்ப்பது வேறொன்று. ஹாலுக்குள் போனுக்கு அனுமதி கிடையாது. தோற்ற பையன் ஸ்கோர்ஷீட்டைச் சுருட்டிக்கொண்டு வெளியே வருவான். வாசலில் அப்பா போனோடு நிற்பார். மூவ்களை ஒவ்வொன்றாகப் போடுவார்கள். எஞ்சின் எங்கேயோ 31-வது மூவில் இரண்டு கேள்விக்குறி போடும். "இதுகூடவா தெரியல? நாலு பாயின்ட் போயிருக்கு பாரு." பையன் ஒன்றும் சொல்ல மாட்டான். மொத்தமாக மூன்று நிமிஷம். அலசல் முடிந்துவிட்டது என்று இரண்டு பேருமே நம்புவார்கள்.

நான் பிள்ளைகளுக்குச் செஸ் சொல்லிக்கொடுக்கிறவன். எஞ்சின்மீது எனக்கு எந்தப் பகையும் இல்லை. அந்த அப்பாவின் போனில் ஓடுகிற ஸ்டாக்ஃபிஷ் எந்த உலகச் சாம்பியனையும்விட நன்றாக ஆடும். அது தவறு என்று சொன்னால் தவறுதான். ஆனால் அது பதில் சொல்வது ஒரே ஒரு கேள்விக்கு: இந்த நிலையில் எந்த மூவ் சிறந்தது? ஒரு சிப்பாயின் மதிப்பை நூறாகப் பிரித்து, எத்தனை நூற்றில் ஒரு பங்கு குறைந்தது என்று கணக்குக் காட்டும். பையன் ஏன் அப்படி ஆடினான் என்ற கேள்விக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. தோற்றவனுக்கு வேண்டியது அந்த இரண்டாவது கேள்விக்கான பதில். முதல் கேள்விக்கான பதில் சீக்கிரம் கிடைத்துவிடுவதால் இரண்டாவதைக் கேட்க மறந்துபோகிறோம்.

எஞ்சின் இல்லாத காலத்தில் இந்த வசதி இல்லை. மிகயீல் போட்வின்னிக் தன் ஆட்டங்களைத் தானே அலசிப் பிரசுரிக்க வேண்டும் என்று வற்புறுத்தியவர். மனிதன் தனியறையில் தனக்குச் சாதகமாகத்தான் தீர்ப்பு எழுதுவான். அச்சில் வந்துவிட்டால் யாராவது ஓட்டையைக் கண்டுபிடித்துவிடுவார்கள் என்ற பயம் இருக்கும். அந்தப் பயம்தான் அவருக்கு வேண்டியிருந்தது.

என் வகுப்பில் ஒரு விதி. தோற்ற ஆட்டத்தைக் கொண்டுவந்தால் போனை மேஜையில் கவிழ்த்து வைக்க வேண்டும். முதலில் ஒவ்வொரு முக்கியமான இடத்திலும் என்ன நினைத்தாய் என்று எழுது. எஞ்சின் பிறகு. இந்த வரிசையை மாற்றினால் காரியம் கெட்டுவிடும். எஞ்சினின் பதிலைப் பார்த்த மறு நொடியே நினைவு தன்னைத் திருத்திக்கொள்கிறது. "நானும் அதத்தான் யோசிச்சேன் சார், கடைசில மாத்திட்டேன்" என்பார்கள். பொய் சொல்கிறார்கள் என்று நான் நினைக்கவில்லை. நிஜமாகவே அப்படித்தான் ஞாபகம் வருகிறது. பதில் தெரிந்தபிறகு, அது தெரியாமல் இருந்த மனசுக்குள் திரும்பிப் போவதற்கு வழி கிடையாது.

நல்ல சாட்சி ஒன்று உண்டு. ஸ்கோர்ஷீட்டில் மூவுக்குப் பக்கத்தில் கடிகார நேரத்தைக் குறிக்கும் பழக்கம். மனசு மாற்றிப் பேசினாலும் அந்த எண்கள் மாற்றிப் பேசாது. ஒரு மாணவனின் ஆட்டம் ஒன்று. 31-வது மூவில் ரூக்கைத் தூக்கிக் கொடுத்திருந்தான். ஏன் என்றால், "டைம் இல்ல சார்." உண்மைதான், கடிகாரத்தில் சில நொடிகள்தான் மிச்சம். தாளை மேலே பார்த்துக்கொண்டு போனால் 12-வது மூவுக்கு 18 நிமிஷம் செலவாகியிருந்தது. அங்கே இரண்டு வழிகள். இரண்டுமே ஏறக்குறைய சமம். எது நல்லது என்று அவன் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கவில்லை. எதை ஆடினாலும் வம்பாகிவிடுமோ என்று உட்கார்ந்திருக்கிறான். கடைசியில் ஆடியது எஞ்சினுக்கும் பிடித்த மூவ். கேள்விக்குறி கிடையாது, பச்சை டிக். ஆனால் ஆட்டம் அங்கேதான் போனது. மூவ் சரி, முடிவெடுத்த விதம் தப்பு. இப்படி ஒரு தவறைக் குறிக்க எஞ்சினிடம் அடையாளமே இல்லை.

இங்கிருந்துதான் சிக்கல் ஆரம்பிக்கிறது. 31-க்குக் காரணம் 12 என்றால், 12-க்குக் காரணம் என்ன? முந்தின நாள் இதே ஓப்பனிங்கில் அடி வாங்கியிருக்கிறான். அதற்குக் காரணம்? சரியாகத் தூங்கவில்லை. அதற்கு? ரேட்டிங் குறைந்தால் வீட்டில் என்ன சொல்வார்களோ என்ற கவலை. இப்படிப் பின்னால் போய்க்கொண்டே இருந்தால் ஒரு கட்டத்தில் அந்த ஆட்டத்தை யாருமே ஆடவில்லை என்று ஆகிவிடும். கடிகாரம், தூக்கம், அப்பா, பரம்பரை எல்லோரும் சேர்ந்து ரூக்கைத் தூக்கிக் கொடுத்ததாக முடியும். எல்லாக் காரணமும் உண்மையாகவே இருக்கலாம், ஆனாலும் அது சாக்குதான்.

அப்படியானால் எங்கே நிற்பது? அவனுக்கு அப்போது தெரிந்திருந்ததை மட்டும் வைத்துக்கொண்டு, வேறு மாதிரி செய்திருக்க முடிந்த கடைசி இடத்தில் நிற்க வேண்டும் என்பது என் கட்சி. எஞ்சினுக்குத் தெரிந்ததை வைத்துத் தீர்ப்புச் சொன்னால் அது அநியாயம். அவனால் மாற்ற முடியாதவற்றை வைத்துச் சொன்னால் அது தீர்ப்பே இல்லை. 18 நிமிஷம் ஆகிவிட்டது என்பது கடிகாரத்தைப் பார்த்தாலே தெரிந்திருக்கும். அதற்குக் கிராண்ட்மாஸ்டராக இருக்க வேண்டியதில்லை.

தோற்ற இடத்தை ஊரே சேர்ந்து தப்பாகக் காட்டுவதும் உண்டு. 1972 ஜூலை 11, ரெய்க்யாவிக். ஸ்பாஸ்கிக்கு எதிரான முதல் ஆட்டம். யார் பார்த்தாலும் டிரா என்று சொல்லிவிடக்கூடிய நிலையில், ஃபிஷர் 29-வது மூவில் பிஷப்பால் ஹெச்2-ல் இருந்த சிப்பாயை வெட்டினார். ஒரு சிப்பாயை முன்னால் தள்ளி வழியை அடைத்ததும் பிஷப் உள்ளே மாட்டிக்கொண்டது. செஸ் பழகும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிற விஷயம் அது. ஐம்பது வருஷமாக அந்த மூவைப் பற்றிப் பேசுகிறார்கள். பிற்பாடு நிதானமாக அலசியவர்கள் கண்டுபிடித்தது என்னவென்றால், அதற்கப்புறமும் டிரா கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது; 40-வது மூவை ஒட்டி வந்த இன்னொரு பிசகில்தான் ஆட்டம் உண்மையிலேயே கைவிட்டுப் போனது. அதை யாரும் ஞாபகம் வைத்திருக்கவில்லை. கண்ணுக்கு அசிங்கமாகத் தெரிகிற தவறு ஒன்று கிடைத்துவிட்டால் மேலே தேடுகிற வேலையை நிறுத்திவிடுகிறோம். செஸ்ஸில் மட்டுமா என்றால், இல்லை.

அடுத்த ஆட்டம் என்னை இன்னும் அதிகமாகத் தொந்தரவு செய்வது. 2014 நவம்பர் 15, சோச்சி. உலகச் சாம்பியன்ஷிப்பின் 6-வது ஆட்டம். ஆனந்தும் கார்ல்சனும் 2.5–2.5 என்று சமமாக இருந்தார்கள். கார்ல்சன் வெள்ளை, கொஞ்சம் கொஞ்சமாக நெருக்கிக்கொண்டிருந்தார். 26-வது மூவில் ராஜாவை டி2 கட்டத்துக்கு நகர்த்தினார். பெரிய பிசகு. ஆனந்த் குதிரையால் ஈ5-ல் இருந்த சிப்பாயை வெட்டியிருந்தால் போதும். கார்ல்சன் பதிலுக்கு ரூக்கை வெட்டினாலும், குதிரை இன்னொரு சிப்பாயையும் வெட்டிக்கொண்டு செக் வைக்கும். ராஜா டி2-க்கு வந்ததால்தான் அந்தச் செக்கே உருவானது. இரண்டு சிப்பாய் கூடுதல், ஆட்டம் தலைகீழாகியிருக்கும். கார்ல்சன் ஆடி முடித்த கையோடு அதைப் பார்த்துவிட்டார். எதுவும் செய்வதற்கில்லை, காத்திருக்க வேண்டியதுதான். ஆனந்த் அதிக நேரம் எடுக்காமல் மறுபக்கத்துச் சிப்பாயை ஏ4-க்குத் தள்ளினார். அடுத்த மூவில் கார்ல்சன் ராஜாவை நகர்த்தி ஓட்டையை அடைத்தார். 38 மூவில் வென்றார். போட்டியையும் 6.5–4.5 என்று வென்றார்.

பரிசு வரும் என்று எதிர்பார்க்காதபோது அதை எடுத்துக்கொள்ளத் தோன்றுவதில்லை என்ற பொருளில் ஆனந்த் பிறகு சொன்னார். நான் படித்த வரையில், தோற்ற ஆட்டத்தைப் பற்றி ஒருவர் சொன்ன மிக நேர்மையான விளக்கங்களில் இதுவும் ஒன்று. "பார்க்கலை" என்பதோடு நிறுத்தாமல், எந்த மனநிலை பார்க்க விடவில்லை என்று சொல்கிறார். நெருக்கடியில் இருப்பவன் அடியைத் தடுக்கத்தான் பார்ப்பான். எதிரில் இருப்பவர் கார்ல்சன் என்றால் அவர் ஆடியதில் ஓட்டை இருக்குமா என்று தேடுவதே வீண் வேலையாகத் தோன்றும்.

ஆனால் என் கேள்வி ஆனந்தைப் பற்றியது இல்லை, கார்ல்சனைப் பற்றியது. அந்த இரண்டு மூவில் முதலில் தவறியவர் அவர். அவருடைய தவறு விலை கேட்கவில்லை. ஆனந்தின் தவறு கேட்டது. 1976-ல் பெர்னார்ட் வில்லியம்ஸும் தாமஸ் நேகலும் அறத்தில் அதிர்ஷ்டத்துக்கு இடம் உண்டா என்று விவாதித்தார்கள். நேகல் காட்டும் உதாரணங்களில் ஒன்று: பிரேக்கைச் சோதிக்காமல் லாரியை எடுக்கிறார் ஒருவர். குறுக்கே ஒரு குழந்தை ஓடி வந்துவிடுகிறது. அப்படி யாரும் ஓடி வராத நாளில் இன்னொருவர் அதே அலட்சியத்தோடு ஓட்டிக்கொண்டு வீடு போய்ச் சேர்கிறார். அலட்சியம் ஒன்றுதான். ஒருவரை வாழ்நாள் முழுக்கக் குற்றவாளி என்கிறோம். மற்றவரைப் பற்றி நமக்குத் தெரியவே தெரியாது.

செஸ்ஸில் தாயக்கட்டை இல்லை, சீட்டுக் குலுக்கல் இல்லை, எல்லாமே கண்முன்னால்தான் இருக்கிறது. ஆகவே அதிர்ஷ்டத்துக்கு வேலையே இல்லை என்பார்கள். சோச்சியில் நடந்ததைப் பார்த்தபிறகு அதை அப்படியே ஒத்துக்கொள்ள முடியவில்லை. எதிரில் இருப்பவர் என்ன பார்ப்பார், என்ன பார்க்க மாட்டார் என்பது நம் கையில் இல்லை. நம் தவறு தவறாகப் பதிவாக அவருடைய உதவி தேவைப்படுகிறது. வில்லியம்ஸ் சொன்ன லாரி ஓட்டுநரோ எந்தத் தப்பும் செய்யாதவர். ஆனாலும் குழந்தைமீது ஏற்றியது தன் வண்டி என்பதால், வேடிக்கை பார்த்தவர்களுக்கு இல்லாத ஒரு வருத்தம் அவருக்கு மட்டும் இருக்கும். அந்த வருத்தமே இல்லாதவராக இருந்தால் நமக்கு ஏதோ உறுத்தும். தோற்ற ஆட்டத்தை எடுத்துக்கொண்டு உட்காருகிறவரின் வருத்தமும் அந்த ஜாதிதான் என்று நினைக்கிறேன். எவ்வளவு நியாயம் இருந்தாலும், கை வைத்தது நான்.

ஜெயித்த ஆட்டத்தை யாரும் இப்படி அலசுவதில்லை. கார்ல்சன் போன்றவர்கள் அலசுவார்கள். நான் சொல்வது வாசலில் நிற்கிற பையனைப் பற்றி. ஜெயித்தால் நேராகக் கேன்டீன். அவன் ஆட்டத்தில் இருந்த ராஜா டி2-க்கள் யாராலும் படிக்கப்படாமல் போகும்.

இன்னொரு ரகமும் உண்டு. ஆட்டத்தைக் கொண்டுவந்து வைத்ததுமே, "நான் ஒரு முட்டாள் சார், வேற ஒண்ணும் இல்ல" என்று ஆரம்பிக்கிற பிள்ளைகள். கேட்கப் பாவமாக இருக்கும். பெரியவர்கள் பலர் இதை அடக்கம் என்றுகூட எடுத்துக்கொள்வார்கள். எனக்கு அது சோம்பலாகத்தான் படுகிறது. முட்டாள் என்று சொல்லிவிட்டால் 12-வது மூவைப் பார்க்க வேண்டியதில்லை, 18 நிமிஷத்தை விளக்க வேண்டியதில்லை. "டைம் இல்ல" என்பது பழியைக் கடிகாரத்தின்மீது போடுகிறது; "நான் முட்டாள்" என்பது மாற்றவே முடியாத ஒரு 'நான்' மீது போடுகிறது. இரண்டிலும் அந்தக் குறிப்பிட்ட மத்தியானம், அந்தக் குறிப்பிட்ட கட்டத்தில், கையை நீட்டியவன் தப்பித்துக்கொள்கிறான். திட்டுகிற அப்பாவைவிடத் தன்னையே திட்டிக்கொள்கிற பிள்ளையைத் திருப்புவது கஷ்டம்.

2024 டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில் டிங் லிரென் தோற்ற ஆட்டத்தை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். 6.5–6.5 என்ற நிலையில் 14-வது, கடைசி ஆட்டம். டிரா ஆகியிருந்தால் மறுநாள் ரேப்பிட் ஆட்டங்கள். 55-வது மூவில் டிங் ரூக்கை எஃப்2-க்குக் கொண்டுவந்தார். ரூக்குகள் மாறின, மூலையில், ஏ8-ல், நின்றிருந்த பிஷப்பையும் குகேஷ் மாற்ற வைத்தார், மிச்சமிருந்த சிப்பாய் ஆட்டம் தோல்வி. 18 வயதில் குகேஷ் உலகச் சாம்பியன்.

இந்த ஆட்டத்தை வகுப்பில் ஆறு பேருக்குக் கொடுத்தேன். போன் கவிழ்ந்தே இருக்கட்டும், ஒரே ஒரு கேள்விக்குறிதான், எங்கே போடுவீர்கள்? நான்கு பேர் 55-ல் போட்டார்கள். ஒருவன் 53-ல், பிஷப் அந்த மூலைக்குப் போன இடத்தில். ஒரு பெண் 29-ல் போட்டிருந்தாள். டிங் ஒரு சிப்பாயைத் தானாக விட்டுக்கொடுத்து ராணிகளை மாற்றிக்கொண்ட இடம் அது. அதற்கப்புறமும் டிரா நிலைதான். எஞ்சினைக் கேட்டால் அப்படியொன்றும் ஆகிவிடவில்லை என்றுதான் சொல்லும். பையன்கள் சிரித்தார்கள். அவள் தாளைத் திருப்பி, 29-லிருந்து டிங் எத்தனை காய்களை மாற்றிக்கொள்ளப் பார்த்திருக்கிறார் என்று ஒவ்வொன்றாகக் கோடு போட்டுக் காட்டினாள். ராணி, அடுத்த மூவில் ஒரு ரூக், இப்படியே வந்து, கடைசிக் கோடு 55-ல் நின்றது. எஃப்2-க்கு ரூக்கைக் கொண்டுவந்ததும் மாற்றிக்கொள்ளலாம் வா என்பதற்குத்தான்.

"29-லயே அவருக்கு வீட்டுக்குப் போகணும் போல இருந்திருக்கு சார்" என்றாள்.

அப்படித்தான் இருந்ததா என்று டிங்கைத் தவிர யாரும் சொல்ல முடியாது என்றேன். "அவர் ஸ்கோர்ஷீட்ல டைம் எழுதியிருப்பாரா?" என்று கேட்டாள்.