இருளைக் காட்டுகிறவன் குற்றவாளியா?



சென்ற ஞாயிறு பூசை முடிந்ததும் ஒரு தாயார் கோயில் வாசலில் நின்று முறையிட்டார்கள். "சாமி, என் மகன் பாலா படம், வெற்றிமாறன் படம் என்று ஒன்றுவிடாமல் பார்க்கிறான். எல்லாம் அடி, உதை, சாவு, சுடுகாடு. வீட்டில் இல்லாத துக்கமா? காசு கொடுத்துத் துக்கத்தை வாங்குவானேன்? இவ்வளவு திறமையுள்ளவர்கள் நல்லதாக நாலு படம் எடுத்தால் ஆகாதா?"

நியாயமான கேள்வி. நின்றபடி பதில் சொல்ல முடியாமல், "எழுதுகிறேன் அம்மா" என்று அனுப்பிவைத்தேன்.

முதலில் நம் கோயிலையே பாருங்கள். பீடத்தின்மேல் நாம் வைத்திருப்பது யாது? பாடுபட்ட சுரூபம். ஆணியறைந்த கை, குத்தித் திறந்த விலா, முள்முடி. தவக்காலத்து வெள்ளிதோறும் குழந்தை குட்டிகளோடு 14 ஸ்தலங்களையும் சுற்றி வருகிறோம். தாவீது அரசன் உரியாவின் மனைவியைக் கவர்ந்து, அவனைப் போர்முனையில் சாகவிட்ட கதையை வேதாகமம் மறைக்கவில்லை. கொடுமையைக் காட்டுவதே குற்றமென்றால், முதற் குற்றவாளிகள் சுவிசேஷகர்களே அன்றோ! 2-ம் வத்திக்கான் சங்கம் 1963-ல் சமூகத் தொடர்புச் சாதனங்களைப் பற்றி வெளியிட்ட ஏட்டிலும், தீமையைச் சித்திரிப்பது மனிதனை ஆழ்ந்து அறிய உதவக்கூடும் என்றே ஒப்புக்கொண்டது. ஆனால் அது ஒழுக்க வரம்புக்குள் நிற்கவேண்டும் என்றது.

எனினும், எதிர்த்தரப்பில் ஒரு பெரியவர் நிற்கிறார். அவர் அர்ச். அகுஸ்தீன். வாலிபத்தில் கார்த்தேஜ் நகரத்து நாடகங்களில் மயங்கிக் கிடந்ததை நினைத்து அவர் கேட்கிறார்: தான் பட விரும்பாத துன்பத்தை மேடையில் கண்டு மனிதன் ஏன் இன்புறுகிறான்? உதவிக்கு ஓடிவர அவனை ஒருவரும் அழைப்பதில்லை, அழுவதற்கே அழைக்கிறார்கள். அந்த அழுகையில் அவனுக்கு ஒரு சுகம். இது இரக்கமாகுமா?

கேள்வி நம்மையே குத்துகிறது. பாலா 2009-ல் வெளிவந்த 'நான் கடவுள்' படத்தில், ஊனமுற்றவர்களை அடைத்துவைத்துப் பிச்சையெடுக்க விட்டுப் பிழைக்கும் கூட்டத்தைக் காட்டினார். அதற்காகச் சிறந்த இயக்குநருக்கான தேசிய விருதும் பெற்றார். அதைப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பல்லாவரம் இரயிலடியில் கை நீட்டியவனை விலகிப் போகிறோமானால், அகுஸ்தீன் சொன்னது நமக்கே. ஆனால் அது படத்தின் குற்றமா, நம் குற்றமா? நல்ல சமாரியன் உவமையைக் கேட்டும் விலகிப் போகிறவர் உண்டு. அதனால் உவமையின் மதிப்பு குறைந்துவிடுமா?

வெற்றிமாறனின் 'விசாரணை', கோயம்புத்தூரில் ஆட்டோ ஓட்டிய மு. சந்திரகுமார், தாம் காவல் நிலையத்தில் பட்ட அடியை வைத்து எழுதிய 'லாக்கப்' நாவலிலிருந்து பிறந்தது. 2016-ல் இங்கே அது வெளிவந்தபோது, "இப்படியுமா அடிப்பார்கள்? மிகை" என்று நானும் நினைத்தேன். 2020 ஜூனில், சாத்தான்குளத்தில் காவலில் வைக்கப்பட்ட தந்தையும் மகனும் இறந்த செய்தியைப் படித்த அன்று, அப்படி நினைத்ததற்காக வெட்கப்பட்டேன்.

எனக்கு வருத்தம் தந்த படமும் ஒன்றுண்டு. அது 2013-ல் வந்த பாலாவின் 'பரதேசி'. தேயிலைத் தோட்டத்து மருத்துவராயிருந்த பி. எச். டேனியல் 1969-ல் எழுதிய 'ரெட் டீ' நாவலைத் தழுவியது. டேனியல் ஒரு கிறிஸ்தவர். படத்திலோ, கிறிஸ்தவ மருத்துவர் ஆடிப் பாடி மதம் மாற்ற வந்தவராகக் காட்டப்படுகிறார். மனம் புண்பட்டது. பிறகு யோசித்தேன். இங்கே குறை இருளன்று. அட்டைக்கடியும் கொள்ளைநோயும் கங்காணியின் கொடுமையும் உண்மையே. குறை யாதெனில், ஒரு மனிதனை உள்ளபடி பாராமல் கேலிச் சித்திரமாக்கியது. இந்தக் குறை சிரிப்புப் படத்திலும் உண்டு. கறுத்தவளையும் குட்டையனையும் திக்குவாயனையும் காட்டிச் சிரிக்க வைக்கும் படங்கள் எத்தனை! அவற்றைப் பற்றி இதுவரை ஒருவரும் என்னிடம் முறையிட்டதில்லை.

நம் அனகாபுத்தூர் நெசவாளர் அறிவார்கள்: கறுப்பு நூலால் சேலை கெடுவதில்லை, சாயம் நிற்காத நூலாலேயே கெடும். ஒரு நனைப்பில் அது மற்ற நிறங்களையும் கறைப்படுத்திவிடும். துன்பப்படுகிறவனை மனிதனாகக் காட்டும் படம் உறுதியான கறுப்பு. அடியை ரசிக்கவும், பெண்ணின் மானக்கேட்டை வேடிக்கை பார்க்கவும் நம்மைப் பழக்கும் படம் சாயம்போகும் நூல். எத்தனை பாட்டும் சிரிப்பும் சேர்த்தாலும் கறை கறைதான்.

பிள்ளைகள் விஷயம் வேறு. பெரியவர் தாங்குவதைச் சிறுவர் தாங்கார். 2023-ல் திருத்திய சட்டம் 'யு/ஏ' சான்றிதழை 7, 13, 16 வயது என மூன்றாகப் பிரித்திருக்கிறது. பெற்றோர் அதைப் பார்த்து நடப்பது கடமை.

அம்மா, உங்கள் மகன் வளர்ந்தவன். தடுக்க வேண்டாம், ஒருநாள் அவனோடு உட்கார்ந்து பாருங்கள். முடிந்ததும் ஒன்றே ஒன்று கேளுங்கள்: "இதைப் பார்த்து யார்மேல் உனக்கு இரக்கம் வந்தது தம்பி?" அவனிடம் பதில் இருந்தால், கொடுத்த காசு வீண்போகவில்லை. பதில் இல்லாவிட்டால், அதைப் பற்றி இருவரும் பேசுங்கள்.

உங்கள் பங்குச் சாமியார்