கூடாரத்துக்குள் போனவர்கள்



விழுப்புரம், திண்டிவனம் பக்கத்து முதியோர் இல்லங்களுக்கு ஜெபிக்கப் போகிற விசுவாசிகள் கேட்கிறார்கள்: "பாஸ்டர், எழுபது வயசுப் பெரியவரைப் பார்த்து, குடிப்பீங்களாய்யான்னு கேக்கறது மரியாதையா? நரைச்ச தலையைக் கனம்பண்ணணும்னுதானே வேதம் சொல்லுது?" நல்ல கேள்விதான். வேதத்திலிருந்தே பார்ப்போம்.

ஆதியாகமம் 9-ம் அதிகாரத்தில் நோவா குடித்து வெறித்து, வஸ்திரம் விலகிக் கிடந்தான். காம் பார்த்துவிட்டு வெளியே போய்ச் சொன்னான். சேமும் யாப்பேத்தும் முகத்தைத் திருப்பிக்கொண்டு, பின்னாக நடந்து போய்த் தகப்பனை மூடினார்கள். "பாத்தீங்களா, மூடினாங்க! நாமும் மூடி மறைப்போம்" என்று சிலர் சொல்லுவார்கள். கவனியுங்கள்! அவர்கள் வெளியே நின்றுகொண்டு, "அப்பாவுக்கு ஒண்ணுமில்லை" என்று சொல்லவில்லை. விஷயம் தெரிந்தபின், வஸ்திரத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்கள். உள்ளே போகாதவன் எப்படி மூடுவான்?

நம்ம குடும்பங்களில் என்ன நடக்கிறது? இல்லத்தில் சேர்க்கும்போது, "அப்பா குடிக்க மாட்டாரு" என்று சொல்லிவிடுகிறார்கள். இடம் கிடைக்காதோ என்று பயம். சபையில் பேர் கெடுமோ என்று வெட்கம். பல வருஷம் தினமும் குடித்தவருக்குத் திடீரென்று நின்றுபோனால், இரண்டு மூன்று நாளில் கை நடுங்கும், வியர்க்கும், இல்லாத உருவம் கண்ணுக்குத் தெரியும், வலிப்பும் வரலாம். உயிரே போகலாம். அதைப் பிசாசு என்று துரத்திக்கொண்டே இருந்தால், அந்த உயிருக்கு யார் கணக்குக் கொடுப்பது? ஜெபியுங்கள், ஜெபித்துக்கொண்டே 108-ஐக் கூப்பிடுங்கள். முண்டியம்பாக்கம் அரசு மருத்துவமனையானாலும் சரி, வேறு எதுவானாலும் சரி, எவ்வளவு குடித்தார் என்று டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

வயதானால் சரீரத்தில் நீர் குறைகிறது. வாலிபத்தில் குடித்த அதே அளவு இப்போது அதிகமாய்த் தாக்கும். தடுமாறி விழுவார், மறதி வரும். தூக்க மாத்திரையும் சேர்ந்தால் ஆபத்து. நாமோ, "வயசாச்சு, அப்படித்தான்" என்று விட்டுவிடுகிறோம்.

"ஆயாவைக் கூடவா கேக்கணும்?" கேட்கத்தான் வேண்டும். முதிர்வயதுள்ள ஸ்திரீகளுக்கும் இந்த எச்சரிப்பு வேண்டும் என்று பவுல் அறிந்திருந்தார் (தீத்து 2:3). 2023 மே மாதம் மரக்காணம் எக்கியார்குப்பத்தில் மெத்தனால் கலந்த சாராயம் பலரைக் கொன்றதே, செத்தவர்களில் வயதானவர்களும் உண்டு, பெண்ணும் உண்டு.

ஆனால் எப்படிக் கேட்பது? ஏலி கேட்கவில்லை, அன்னாளின் உதட்டைப் பார்த்தே வெறித்திருக்கிறாள் என்று தீர்த்துவிட்டான். அது தப்பான தீர்ப்பு! பார்வையை நம்பாமல், இல்லத்தில் சேருகிற எல்லாரையும் ஒன்றுபோலக் கேட்க வேண்டும். அமெரிக்க டாக்டர் ஜான் யூயிங் 1984-ல் வெளியிட்ட நாலு கேள்விகளை வைத்தியர்கள் இன்றும் கேட்கிறார்கள். குடியைக் குறைக்கணும்னு நினைச்சதுண்டா? மத்தவங்க குறை சொல்லி எரிச்சல் வந்ததுண்டா? குடிச்சதை நினைச்சு மனசு குத்தினதுண்டா? காலையில எழுந்ததும் நடுக்கம் நிக்கக் குடிச்சதுண்டா? இரண்டுக்கு "ஆமா" வந்தால் டாக்டர் பார்க்க வேண்டும். "ஆமா" என்றவரை வெளியே அனுப்பினால், அடுத்தவர் பொய்தான் சொல்லுவார்.

தனியாய், பக்கத்தில் உட்கார்ந்து, தகப்பனிடம் பேசுகிறதுபோல் கேளுங்கள் (1 தீமோத்தேயு 5:1). கேட்டதைச் சாட்சி நேரத்திலும் ஜெபக்குறிப்பிலும் சொல்லித் திரியாதிருங்கள். அது காமின் வேலை!

தேவஜனமே, கையில் வஸ்திரத்தோடு உள்ளே போகிற சேமாகவும் யாப்பேத்தாகவும் கர்த்தர் நம்மை எழுப்புவாராக. ஆமென்!