தன் தரப்பை விசாரிக்கும் படிப்பு

தத்துவமும் சமயமும் படித்தால் சோறு கிடைக்குமா என்று ஆம்பூரில் ஒரு தாய் கேட்டால், அதில் தவறில்லை. ஷூ கம்பெனிச் சம்பளத்தில் நடக்கும் வீட்டில் மூன்று ஆண்டுப் படிப்பு என்பது சின்னச் செலவு அல்ல. அந்தப் படிப்பு மனிதருக்கு என்ன செய்கிறது என்பதற்குப் பக்கத்து ஊரில் தொடங்கும் ஒரு பழைய கதை உண்டு.

சர்வபள்ளி ராதாகிருஷ்ணன் 1900 முதல் 1904 வரை வேலூர் ஊரீஸ் கல்லூரி மாணவர். அமெரிக்க ஆற்காடு மிஷன் நடத்திய கல்லூரி அது. பிறகு சென்னை கிறித்தவக் கல்லூரி. எந்தப் பாடத்தை எடுப்பது என்று அவர் திண்டாடிய நேரத்தில், பட்டப்படிப்பை முடித்த உறவினர் ஒருவர் தம் பழைய தத்துவப் பாடநூல்களைக் கொடுத்தார். உளவியல், தருக்கம், அறவியல். அவ்வளவுதான், பாடம் முடிவாயிற்று.

மிஷன் ஆசிரியர்கள் இந்து சமயத்தைக் கடுமையாக விமர்சித்தார்கள். வேதாந்தத்தில் ஒழுக்கத்துக்கு இடமே இல்லை என்பது அன்றைய பெரிய குற்றச்சாட்டு. தாம் வளர்ந்த நம்பிக்கை ஆட்டம் கண்டது என்று பின்னாளில் அவரே எழுதினார். ஆனால் வகுப்பை விட்டு அவர் வெளியேறவில்லை, நூல்களுக்குள் போனார். 1908இல், இருபது வயதில், வேதாந்தத்தின் அறவியல் பற்றி முதுகலை ஆய்வேடு எழுதினார். பேராசிரியர் ஏ.ஜி. ஹாக் மனம் புண்படுவாரோ என்ற அச்சமும் அவருக்கு இருந்தது. ஸ்காட்லாந்து மிஷனரியான ஹாக்கோ, தம் தரப்பினரின் குற்றச்சாட்டை மறுத்த அந்த ஏட்டைப் பாராட்டிச் சான்று கொடுத்தார்.

எல்லோரும் மாணவரின் சாதனையைத்தான் சொல்வார்கள். எனக்கு ஹாக்கின் செயல்தான் பெரிதாகப் படுகிறது. மாணவர் தம் தரப்புக்காக வாதாடினார். வேதாந்தத்தையும் அதே கடுமையோடு அவர் குறுக்கு விசாரணை செய்தாரா என்பதில் எனக்கு ஐயம் உண்டு. ஆசிரியர் தம் தரப்புக்கு எதிரான வாதத்தின் வலிமையை ஒப்புக்கொண்டார். அதுதான் கடினம்.

தன் தரப்பை விசாரிக்கும் இந்தப் படிப்புக்குப் பாலாற்றுக் கரையில் களத்துக்குப் பஞ்சமில்லை. ஊரீஸ் இருக்கும் அதே வேலூரில் பாக்கியாத்துஸ் சாலிஹாத் அரபிக் கல்லூரி. ஆம்பூருக்கு அருகே உமராபாத்தில், தோல் வணிகர் காகா முகமது உமர் 1924இல் நிறுவிய ஜாமியா தாருஸ்ஸலாம் இஸ்லாமியக் கல்லூரி. ஒரு கல்லூரியின் மாணவர் இன்னொன்றின் வகுப்பில் ஒரு பருவம் உட்கார்ந்து கேட்டால், அது எந்தத் தேர்வையும்விட நல்ல தேர்வு.

அறவியலுக்கும் உதாரணம் தேடி வெளியே போக வேண்டாம். டேனரிக் கழிவால் பாழான நிலத்தையும் நீரையும் பற்றி வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தோல் தொழில் அந்நியச் செலாவணியும் வேலையும் தருவதை நீதிபதிகள் மறுக்கவில்லை. அதற்காகச் சூழலை அழிக்க உரிமை இல்லை என்றார்கள். மாசுபடுத்தியவரே ஈடு தர வேண்டும். தீங்கில்லை என்று நிரூபிக்கும் பொறுப்பும் தொழில் நடத்துபவருடையது.

ஷூ கம்பெனிச் சம்பளத்தில் படிக்கும் ஆம்பூர் மாணவி இந்தத் தீர்ப்பை வகுப்பில் வாசிக்கும்போது, அவள் விசாரிக்க வேண்டிய தரப்பில் அவள் வீட்டு அடுப்பும் இருக்கிறது. ஹாக்குக்குக்கூட அவ்வளவு நெருக்கமான கேள்வி வரவில்லை.