பின்னமான பெட்டிகள்

கேப்கோம் நிறுவனம் 1993-இல் கொண்டுவந்த சி.பி.எஸ்-2 விளையாட்டுப் பலகைக்குள் ஒரு சின்ன பேட்டரி உண்டு. காசு போட்டு ஆடும் வீடியோ கேம் பெட்டிகளுக்குள் இருக்கும் மின்பலகை அது. விளையாட்டின் நிரல் பூட்டிய நிலையில் சில்லுகளில் இருக்கும். பூட்டைத் திறக்கும் சாவியோ, மின்சாரம் இருக்கும்வரை மட்டுமே நினைவு வைத்திருக்கும் இன்னொரு இடத்தில் இருக்கும். பெட்டியை அணைத்த பிறகும் அந்த நினைவைக் காப்பது இந்த பேட்டரிதான். அது தீர்ந்தால் சாவி அழிந்துவிடும். பலகையில் எதுவும் கருகியிருக்காது, ஒரு கம்பிகூட அறுந்திருக்காது. ஆனால் விளையாட்டு வராது.

பழுது பார்ப்பவர்கள் இதற்குத் தற்கொலை பேட்டரி என்று பெயர் வைத்திருக்கிறார்கள். எனக்கு அந்தப் பெயரில் உடன்பாடு இல்லை. தற்கொலை என்றால் அது சாகிறவனின் முடிவு. இங்கே முடிவை எடுத்தது செய்தவன்.

கேப்கோம் இப்படிச் செய்ததற்குக் காரணம் இருந்தது. 1991-இல் வந்த ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2-க்கு உலகம் முழுக்கக் கள்ளப் பிரதிகள் கிளம்பின. அதில் பேர்போனது ரெயின்போ எடிஷன் என்ற ஒன்று. சண்டை நடக்கும்போதே ஆளை மாற்றிக்கொள்ளலாம், ஆகாயத்தில் இருந்தபடி நெருப்புப் பந்து வீசலாம். அசலின் ஒழுங்கையெல்லாம் கலைத்துப்போட்ட இந்தக் கள்ளப் பிரதிக்குக் கிடைத்த வரவேற்பைப் பார்த்துத்தான் கேப்கோமே 1992-இல் வேகம் கூட்டிய ஒரு பதிப்பை வெளியிட்டது. அசல் நகலிடமிருந்து கற்றுக்கொண்டது. அடுத்த ஆண்டே நகலைத் தடுக்கப் பலகைக்குள் பேட்டரி வைத்தது.

நம்ம ஊர் கதைக்கு வருகிறேன். எண்பது தொண்ணூறுகளில் ஈப்போவில் கடைவீட்டு மாடிகளில் இருபது காசு போட்டு நாம் ஆடியவற்றில் எத்தனை ஜப்பானிலிருந்து வந்த அசல்? தவுக்கேக்கு மலிவாகக் கிடைத்தது கள்ளப் பலகைதான். பெட்டியை உள்ளூர்த் தச்சரே பலகையில் அடித்துக் கொடுத்துவிடுவார். ஜாம்மா என்ற இணைப்பு முறை 1985-இலிருந்து பொதுவாகிப்போனதால் எந்தப் பலகையையும் எந்தப் பெட்டியிலும் சொருகலாம். ஆகாயத்தில் நெருப்புப் பந்து வீசுவதுதான் ஸ்ட்ரீட் ஃபைட்டர் என்று நம்பி வளர்ந்த பையன்கள் இங்கே உண்டு. அவர்களுடைய ஞாபகத்தின் அசல் ஒரு போலி.

இன்று அதே பையன்கள் நாற்பதைத் தாண்டியவர்கள். பழைய பெட்டி ஒன்றை வாங்கி வீட்டில் வைக்க ஆசைப்படுகிறார்கள். புந்தோங் பக்கம் இத்தகைய பெட்டிகளைச் செப்பனிடும் நண்பர் ஒருவர் இருக்கிறார். உடைந்த ஜாய்ஸ்டிக்கின் உள்பாகத்தை அளந்து முப்பரிமாண அச்சில் எடுப்பார். பொத்தானின் வில்லை வேறு பொத்தானிலிருந்து கழற்றி அறுத்துப் பொருத்துவார். வாங்க வருகிறவர் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்களாம்.

"அண்ணே, இது ஒரிஜினலா?"

"ஓடுதான்னு கேளுங்க தம்பி. ஒரிஜினல் வேணும்னா ஓடாதது ஒண்ணு பின்னால கிடக்குது, தூக்கிட்டுப் போங்க."

சிரித்துக்கொண்டே சொன்னாலும் இதில் நிஜமான ஒரு கேள்வி இருக்கிறது. ஓடாத அசல், ஓடும் நகல். இதில் எது அந்தப் பொருள்?

இந்த இடத்தில் தீசியஸின் கப்பலை இழுத்து வருவது வழக்கம். பலகை பலகையாக மாற்றிய கப்பல் அதே கப்பல்தானா என்ற கிரேக்கப் புதிர் அது. இந்த விஷயத்தில் அது பெரிதாக உதவவில்லை என்றே நினைக்கிறேன். அந்தக் கப்பலில் இனி யாரும் ஏறிப் போகப்போவதில்லை. பார்ப்பதற்காக நிற்கிற கப்பலைப் பற்றிய கேள்வி அது.

நம் கோயில் வழக்கம் இதைவிட நெருக்கமானது. மூலவர் சிலையில் பின்னம் விழுந்தால், அது எவ்வளவு பழமையானதாக இருந்தாலும் பூஜைக்கு ஆகாது என்பார்கள். சக்தியைப் பாலாலயத்துக்கு மாற்றிவிட்டுப் புதுச் சிலை செய்து வைப்பார்கள். பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை குடமுழுக்கு என்ற பேரில் கோபுரத்துச் சுதை பொம்மைகளுக்குப் புது மூக்கு, புது விரல், புது வண்ணம் எல்லாம் வந்துவிடும். போன தலைமுறை கும்பிட்ட அதே சாமியா இது என்று யாரும் கேட்பதில்லை. அருங்காட்சியகத்தின் நியாயம் நேர் எதிர். அங்கே உடைந்த மூக்கு உடைந்தபடியே இருக்க வேண்டும், ஒட்டவைத்தால் குற்றம். கோயிலுக்குத் தேவை நடக்கிற பூஜை. அருங்காட்சியகத்துக்குத் தேவை சாட்சி.

கேம் பெட்டி எந்தப் பக்கம்? ஆடுவதற்காகச் செய்த பொருள் ஆடாமல் நிற்கும்போது எதற்குச் சாட்சி சொல்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. ஜாய்ஸ்டிக் எத்தனை இறுக்கம், பொத்தான் எந்த ஆழத்தில் பிடிக்கிறது என்பதெல்லாம் கைக்கு மட்டுமே தெரிந்த தகவல்கள். கண்ணாடிக்குப் பின்னால் வைத்தால் அவை போய்விடும்.

பேராக்கில் இந்தக் கேள்விக்குப் பெரிய உதாரணம் ஒன்று நிற்கிறது. பத்து காஜா அருகே தஞ்சோங் துவாலாங் சாலையில் இருக்கும் டி.டி.5 என்ற ஈயக் கப்பல். 1938-இல் சதர்ன் மலாயன் டின் டிரெட்ஜிங் நிறுவனத்துக்காகக் கட்டப்பட்டது. எடை 4,500 டன். எண்பதுகளின் தொடக்கம் வரை குளத்தில் மிதந்தபடி சங்கிலியில் கோத்த வாளிகளால் மண்ணை அள்ளி ஈயத்தைப் பிரித்தது. பிறகு 1985-இல் ஈய விலை சரிந்து தொழிலே படுத்துக்கொண்டது. வேலை செய்த காலத்தில் இந்தக் கப்பலின் பாகங்கள் ஓயாமல் மாறின. மண்ணையும் கல்லையும் கடிக்கிற வாளியின் உதடு தேயும், வாளிகளைக் கோக்கும் ஊசி தேயும். தேய்ந்ததைக் கழற்றிப் புதிதை மாட்டுவதே அங்கே பாதி வேலை. கிந்தா பள்ளத்தாக்கின் ஈய லம்பங்களுக்கு உதிரிப் பாகம் வார்த்துக் கொடுத்துத்தான் ஈப்போவின் வார்ப்படப் பட்டறைகள் வளர்ந்தன. சீமையிலிருந்து சாமான் வரும்வரை மாதக்கணக்கில் காத்திருக்க எந்த லம்பத்துக்கும் கட்டுப்படியாகாது. தேய்ந்த பாகத்தைத் தூக்கிக்கொண்டு வருவார்கள், அச்சு எடுத்து வார்த்துக் கொடுப்பார்கள்.

தோட்டத்திலும் இதே கதைதான். ரப்பர் பாலை உறையவைத்துத் தகடாக அழுத்தும் உருளை மெசினுக்குப் பல்சக்கரம் போனால் தோட்டத்து ஃபிட்டர் கையில் கிடைத்த இரும்பை வைத்து ஒன்று செய்துவிடுவார். அது அசலா என்று எந்த துரையும் கேட்டிருக்க மாட்டார். மறுநாள் தகடு இறங்கினால் சரி. இன்று அதே உருளைகளைக் காப்பிக்கடை வாசலில் அலங்காரமாகப் பார்க்கிறோம், பூந்தொட்டி வைத்திருக்கிறார்கள். அசல் இரும்பு, அசல் துரு எல்லாம் இருக்கிறது. ஃபிட்டரின் வேலை மட்டும் அதில் எங்கேயும் பதிவாகவில்லை.

டி.டி.5 இன்று காட்சிப்பொருள். மிதவையில் நீர் புகுந்து ஒரு பக்கம் சாயத் தொடங்கியபோது பழுது பார்த்து நிமிர்த்தினார்கள். நல்ல காரியம். வாளிகள் அசையாது. அது அருங்காட்சியகத்தின் பக்கம் போவதே நியாயம். ஆனால் கேம் பெட்டிக்கு ஆடுகிறவன் இன்னும் இருக்கிறான், காசும் வைத்திருக்கிறான்.

அப்படியென்றால் எதை வேண்டுமானாலும் நகல் எடுக்கலாமா? அங்கேதான் எனக்குத் தயக்கம். பொத்தானின் வில்லைச் செய்வதும் விளையாட்டையே நகல் எடுப்பதும் ஒன்றல்ல. வில் தேய்ந்ததற்கு ஈடு, யாருடைய சோற்றிலும் கைவைக்கவில்லை. விளையாட்டு ஒருத்தருடைய எழுத்து மாதிரி. கேப்கோம் அந்தப் பழைய விளையாட்டுகளை இன்றும் தொகுப்பாக விற்றுக்கொண்டிருக்கிறது. கள்ளப் பலகை எங்கள் பால்யத்துக்குச் சந்தோஷம் கொடுத்தது என்பதற்காக அது களவு இல்லையென்று ஆகிவிடாது.

சி.பி.எஸ்-2 விஷயத்தில் நடந்தது இதனால்தான் முக்கியம். 2001-இல் ஆர்வலர்கள் அந்தப் பூட்டை உடைத்தார்கள். பிறகு, சாவி இல்லாமலே ஓடும்படி மாற்றிய நிரலைப் புதுச் சில்லுகளில் ஏற்றிச் செத்த பலகைகளை எழுப்பினார்கள். ஃபீனிக்ஸ் என்று அதற்குப் பெயர். 2016-இல் இன்னொரு குழு, சில்லுகளைத் தொடாமல் அழிந்த சாவியை மட்டும் திரும்ப எழுதும் வழியைக் கண்டுபிடித்தது. சேகரிப்பவர்களுக்கு இரண்டாவதுதான் பிடிக்கிறது, ஃபீனிக்ஸ் பலகை என்றால் முகம் சுளிக்கிறார்கள். எனக்கும் இரண்டாவதே நேர்த்தியாகப் படுகிறது. ஆனால் இடைப்பட்ட பதினைந்து ஆண்டுகள் அந்தப் பலகைகள் குப்பைக்குப் போகாமல் இருந்ததில் முதல் வழிக்கும் பங்கு உண்டு. காசு கொடுத்து வாங்கிய பலகைக்கு நிறுவனம் வைத்த ஆயுளைத் தாண்டி ஆயுள் கொடுப்பது களவு என்று என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. விற்றபிறகு பொருளுக்குள் கையை வைத்திருந்தது அவர்கள்தான்.

இனி இந்த வேலை கூடுமே தவிரக் குறையாது. பாக்-மேன் பெட்டிக்குள் இருந்த இஸட்80 சில்லு 1976-இல் வந்தது. ஸைலாக் நிறுவனம் 2024-இல்தான் அதற்குக் கடைசி ஆர்டர் வாங்கியது. ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள் புதிதாகக் கிடைத்துக்கொண்டிருந்த பாகம் அது. பழைய குழாய்த் திரைகள் செய்வதை எப்போதோ நிறுத்திவிட்டார்கள்.

எனக்கு உறுத்துவது விற்கிற நேரத்தில் நடப்பது. புதிதாக அச்சிட்ட பக்கவாட்டுப் படத்தை உப்புத்தாளால் தேய்த்துப் பழசாக்கி, இருநூறு வெள்ளி கூடுதலாகக் கேட்பவர்கள் இருக்கிறார்கள். கோயிலில் புதுச் சிலையைப் பழசு என்று யாரும் சொல்வதில்லை, எந்த ஆண்டு குடமுழுக்கு நடந்தது, யார் உபயம் என்றெல்லாம் கல்லிலேயே வெட்டிவைக்கிறோம். டியூப் லைட்டில்கூட உபயதாரர் பெயர் எழுதுகிற சனம் நாம். ஜாய்ஸ்டிக்கின் அடியில் செய்த ஆண்டைப் போட நமக்கு என்ன கஷ்டம்?

நண்பரிடம் இதைக் கேட்டேன். தான் அச்சில் எடுக்கும் பாகத்தின் உள்பக்கம் ஆண்டையும் ஒரு சின்ன முக்கோணத்தையும் போடுவதாகச் சொன்னார். வாங்குகிறவருக்குக் காட்டுவீர்களா என்றேன்.

"கேட்டா காட்டுவேன். கேக்காட்டி என்னத்துக்கு? அவரு கழட்டப்போறதில்ல. அடுத்து ரிப்பேர் பண்றவன் கழட்டுவான்ல, அவனுக்குத் தெரியணும்."

வாங்குகிறவரிடமும் சொல்லத்தான் வேண்டும் என்று நான் வாதாடினேன். சொன்னால் விலையைக் குறைப்பார்கள் என்றார் அவர். குறைத்தால் குறைக்கட்டும் என்றேன். "நீங்க எழுதுறவரு, சொல்லிடுவீங்க" என்று சொல்லிவிட்டு ஸ்க்ரூடிரைவரை எடுத்துக்கொண்டார்.