மூடிய சிறகின் படம்

அருங்காட்சியகப் பெட்டிகளில் வண்ணத்துப்பூச்சிகள் எல்லாம் ஒரே கோலத்தில் இருக்கின்றன. நெஞ்சில் ஊசி, இருபுறமும் மட்டமாக விரிந்த சிறகு. செத்த பூச்சியை ஈரப்பதத்தில் இளக்கி, பலகையில் சிறகை இழுத்துவைத்துக் காயவிட்டால் வரும் கோலம் அது. பழைய பூச்சியியல் நூல்களின் வண்ணப்படங்கள் பெரும்பாலும் இவற்றைப் பார்த்து வரைந்தவைதான்.

திருவிதாங்கூர் ஈவ்னிங் பிரவுன் என்ற வண்ணத்துப்பூச்சியை நாம் அறிந்ததும் இப்படித்தான். மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியை விட்டால் உலகில் வேறெங்கும் இல்லாத பூச்சி. கல்கத்தா இந்திய அருங்காட்சியகத்தின் ஜேம்ஸ் வுட்-மேசன் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இதற்குப் பெயர் வைத்தார். நூல்களில் பார்த்தால் முன்சிறகின் குறுக்கே அகலமாக ஓர் இளம் ஊதாப் பட்டை. அந்த ஊதாவைத் தேடிக் காட்டுக்குள் போகிறவர் வெறுங்கையோடுதான் திரும்புவார்.

உட்கார்ந்த கணமே சிறகை மூடிக்கொள்ளும். மூடினால் வெறும் பழுப்பு. கேரளத்தார் ஈற்றை என்கிற நாணல்மூங்கில்தான் அதன் புழுவுக்கு உணவு. பாய் முடையவும் காகிதக்கூழுக்கும் வெட்டப்படுகிற அதே ஈற்றை. ஓடையோரத்தில் அந்தப் புதரடியில் உதிர்ந்து கிடக்கும் இலைகளோடு இலையாக இருக்கும். பறப்பது விடியலிலும் அந்தியிலும். நாம் சோற்றுப் பொட்டலத்தைப் பிரிக்கும் நண்பகலில் அது காலடியில் கிடந்தாலும் தெரியாது. அபூர்வம் என்று அது பேரெடுத்ததில் பாதிப் பங்கு நம் கடிகாரத்துடையது என்றே நினைக்கிறேன்.

அந்தியில் படமெடுப்பது பெரும்பாடு. ஐஎஸ்ஓவை ஏற்றினால் படம் மணல்மணலாகிவிடும், ஷட்டர் வேகத்தைக் குறைத்தால் கை நடுக்கம் விழும். பிடரியில் அட்டை ஏறுவது தெரிந்தாலும் அசையக்கூடாது. ஃபிளாஷ் போட்டால் சிறகின் செதில்கூட எண்ணத்தக்கதாய்த் தெரியும்; சுற்றியிருந்த அந்தி மட்டும் கரியாகிவிடும்.

1972ஆம் ஆண்டின் வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டம் பல வண்ணத்துப்பூச்சிகளைப் பிடிப்பதையே குற்றமாக்கிற்று. வலையின் இடத்துக்குக் கேமரா வந்தது நல்லதுதான். ஆனால் வலைக்காரரின் ஆசையும் சேர்ந்தே கைமாறி வந்துவிட்டது. சிறகை விரித்துக் காட்ட வேண்டும், அதுவும் நமக்கு நேராக! இதற்காகக் குச்சியால் தட்டி எழுப்புகிறவர்கள் உண்டு. பூச்சியைக் குளிர்பெட்டியில் வைத்து மரக்கச்செய்து எடுப்பவர்களும் உண்டு. இவர்களைக் கலைஞர்கள் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை.

எழுந்து பறக்கும் நொடியில் அந்த ஊதா ஒருமுறை பளிச்சிடும், அவ்வளவுதான். மற்ற நேரமெல்லாம் மூடிய சிறகோடுதான் அதன் பிழைப்பு. பல்லிக்கும் பறவைக்கும் தப்பித்து அது இத்தனை காலம் ஈற்றைக்காட்டில் இருப்பது அந்தப் பழுப்பின் தயவில்தான். விரிந்த சிறகு ஊசி கண்ட அழகு. பூச்சி தானாக நமக்குக் காட்டுவது, பார்ப்பவர்கள் காய்ந்த சருகு என்று தள்ளிவிடும் அந்த முகத்தை.

இப்போதெல்லாம் படத்தை வெட்டிச் சீராக்கும்போது ஓரத்தில் ஈற்றை இலையை விட்டுவைக்கிறேன். பூச்சி கொஞ்சம் சிறிதாகத்தான் தெரியும். இலையை எடுத்துவிட்டால் அது எந்த ஓடைக்கும் சொந்தமில்லாத பூச்சியாகிவிடுகிறது.